பக்தாகோர் தாஷ்கண்ட்: 16 பட்டம் பெரிதா, 22 சீசன் பெரிதா?

கேள்வி: அக்டோபர் 1, 2025, நள்ளிரவு 12:40

கஜகஸ்தானின் கைராத் 0, ரியல் மாட்ரிட் 5. தோற்றால் என்ன, சாம்பியன்ஸ் லீக் அல்மாட்டிக்கே வந்துவிட்டது. மைய ஆசியாவின் பெரிய கிளப் எது என்ற வழக்கு இன்றோடு முடிந்தது. உஸ்பெகிஸ்தானின் பக்தாகோர் 16 முறை சாம்பியன் என்று சொல்லிக்கொள்கிறது. யாரை ஜெயித்து? 1979-இல் அதன் வீரர்களைப் பலிகொண்ட அந்த விமான விபத்து நடந்திருக்காவிட்டால் உஸ்பெகிஸ்தானுக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்காவது தெரிந்திருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 1, காலை

வேலை விஷயமாகச் சில வருடம் தாஷ்கண்டில் இருந்தவன் என்பதால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

முதலில் அந்த 16. 1992, 1998, பிறகு 2002 முதல் 2007 வரை விடாமல் ஆறு, அப்புறம் 2012, 2014, 2015, கடைசியாக 2019 முதல் 2023 வரை விடாமல் ஐந்து. கணக்கு சரிதான். ஆனால் 1992 தனிப் பட்டம் கிடையாது. தனி நாடான பிறகு நடந்த முதல் லீக்கில் நெஃப்த்சி ஃபெர்கானாவும் பக்தாகோரும் சமப் புள்ளியில் முடித்தன. பட்டத்தை இரண்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். ஃபெர்கானாக்காரரிடம் கேட்டால் பக்தாகோருக்கு 15தான் என்பார். தன் அணிக்கு எண்ணும்போது அதே 1992-ஐ முழுசாகச் சேர்த்துக்கொள்வார்.

"யாரை ஜெயித்து" என்ற கேள்விக்கு மாலையில் வருகிறேன்.

அக்டோபர் 1, மாலை

உஸ்பெக் லீக்கில் பக்தாகோர் ஆள் இல்லாத ஊரில் ராஜாவாக இருந்ததில்லை. ஆரம்ப வருடங்கள் முழுக்க நெஃப்த்சியின் கை ஓங்கியிருந்தது: 1992 தொடங்கி 1995 வரை, ஒன்று பங்கு, மூன்று தனி. அடுத்து நமங்கானின் நவ்பஹோர் 1996-இல். 1999, 2000 இரண்டும் தோஸ்த்லிக்கிடம் போயின.

2008-இல் வந்தது பெரிய அடி. தாஷ்கண்டிலேயே, அதுவரை குருவ்சி என்ற பெயரில் இருந்த ஒரு புது கிளப், புன்யோத்கோர் என்று பெயர் மாற்றிக்கொண்டு பணத்தைக் கொட்டியது. ரிவால்டோ வந்தார். பயிற்சியாளராக ஜீக்கோ வந்தார், அவர் போய் ஸ்கொலாரி வந்தார். ஒரு உலகக் கோப்பை நாயகனையும் உலகக் கோப்பை வென்ற பயிற்சியாளரையும் ஒரே நேரத்தில் தாஷ்கண்டில் பார்க்க முடிந்த காலம் அது. பக்தாகோரில் வளர்ந்து நின்ற செர்வர் ஜெபாரோவும் அந்தப் பக்கம் போனார், அதே 2008-இல் ஆசியாவின் சிறந்த வீரர் ஆனார். புன்யோத்கோர் 2008 முதல் 2011 வரை தொடர்ந்து நான்கு பட்டம், 2013-இல் இன்னொன்று. பணம் வற்றியதும் அதோடு சரி.

2016, 2017, 2018 மூன்றும் ரயில்வேக்காரர்களான லோகோமோதிவ் தாஷ்கண்டுக்கு. ஆக ஒரே நகரத்தில் இரண்டு அணிகள் மாறி மாறி அடித்தும் பக்தாகோர் இரண்டு தடவை எழுந்து வந்திருக்கிறது. பரவாயில்லாத லீக்தான். ஐரோப்பியத் தரம் என்று நான் சொல்லவில்லை.

அக்டோபர் 1, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். உஸ்பெக் கோப்பை 2001 முதல் 2007 வரை தொடர்ந்து ஏழு தடவையும் பக்தாகோருக்குத்தான். அதாவது 2002 தொடங்கி ஆறு வருடம் லீக்கும் கோப்பையும் ஒரே அலமாரிக்குப் போயின. ரசிகனுக்கே அலுத்திருக்கும்.

அக்டோபர் 3

இந்த 16-ஐ வைத்து மல்லுக்கட்டுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பக்தாகோரின் பெரிய எண் 22.

சோவியத் மேல் லீக்கில் 22 சீசன். 1960 முதல் 1963 வரை நான்கு, 1965 முதல் 1971 வரை ஏழு, 1973 முதல் 1975 வரை மூன்று, 1978 முதல் 1984 வரை ஏழு, அப்புறம் சோவியத் லீக்கின் கடைசி வருடமான 1991. எதிரே யார்? ஸ்பார்டக், டைனமோ கீவ், டைனமோ திபிலிசி, டோர்பிடோ, அராராத். திபிலிசியும் கீவும் ஐரோப்பிய கோப்பை தூக்கிய அணிகள். அவற்றோடு உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று வருடாவருடம் ஆட வேண்டும். உஸ்பெகிஸ்தானிலிருந்து வேறு எந்த அணியும் அந்த லீக்கைத் தொட்டதில்லை.

கேள்வி கேட்ட நண்பருக்கு: கைராத்துக்கு இதே கணக்கில் 24 சீசன். இரண்டு கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைராத்தின் சிறந்த இடம் 7, 1986-இல். பக்தாகோர் 6-ஆம் இடம் பிடித்தது ஒரு முறையில்லை, இரண்டு முறை: 1962, 1982. சோவியத் கோப்பை இறுதிப்போட்டிக்கு 1968-இல் போய் மாஸ்கோ டோர்பிடோவிடம் 0-1 என்று தோற்றது. கைராத் அந்த மேடையை மிதித்ததே இல்லை.

அதே 1968-இல் லீக்கின் அதிக கோல் அடித்தவர் பட்டத்தை திபிலிசியின் கவஷெலியோடு பகிர்ந்துகொண்டவர் பக்தாகோரின் பெராதோர் அப்துராயிமோவ். ஆளுக்கு 22 கோல். (இந்த 22-க்கும் அந்த 22-க்கும் சம்பந்தமில்லை. ஜோசியம் பார்க்க வேண்டாம்.)

அக்டோபர் 3, பின்னிரவு

என் கட்சிக்கு எதிராக நானே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து சொல்வார்கள். 1960-இல் பக்தாகோர் மேல் லீக்குக்கு வந்தது முழுக்கத் தன் காலில் இல்லை. அந்த வருடம் லீக்கை 12 அணியிலிருந்து 22-ஆகப் பெருக்கினார்கள். குடியரசுகள் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும் என்பது நோக்கம். கைராத்தும் அதே கதவு வழியாகத்தான் வந்தது. கிளப் 1956-இல் தொடங்கியது, நாலே வருடத்தில் மேலே. இட ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்த பிறகு தங்கியது யார் தயவில்? 1963-இல் கீழே தள்ளினார்கள், 1965-இல் திரும்பி வந்தது. 1971-இல் தள்ளினார்கள், 1973-இல் வந்தது. 1975-இல் தள்ளினார்கள், 1978-இல் வந்தது. கீழ்ப் பிரிவில் ஆடி ஜெயித்து மேலே ஏறுவதற்கு ஒதுக்கீடு எதுவும் கிடையாது.

அக்டோபர் 5

மைதானத்தைப் பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர். மெட்ரோவில் பக்தாகோர் என்றே ஒரு நிலையம் உண்டு. 1977-இல் தாஷ்கண்ட் மெட்ரோ திறந்தபோதே இருந்த நிலையங்களில் ஒன்று. சுவர் முழுக்க மொசைக், எல்லாம் பருத்திக் காய் வெடித்த கோலம். பக்தாகோர் என்றால் பருத்தி விவசாயி என்று அர்த்தம், ஆகையால் அது பொருத்தம்தான். 2018 வரை உள்ளே படம் எடுக்கத் தடை. இப்போது ஆளுக்கு ஆள் கேமராவோடு நிற்கிறார்கள். மேலே ஏறி நடந்தால் கொஞ்ச தூரத்தில் ஸ்டேடியம். 1956-இல் கட்டியது, இப்போது 35,000 பேர் உட்காரலாம்.

நடுவே ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் பந்து எங்கோ தொலைவில் ஓடும். நான் போனது சாதாரண லீக் ஆட்டங்களுக்கு. முக்கால் இருக்கை காலி. ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. முதலில் ஏதோ காய்ந்த சருகு சரசரக்கிறது என்றுதான் நினைத்தேன். பார்த்தால் என் வரிசை முழுக்கச் சூரியகாந்தி விதை கொறிக்கிறது. பக்கத்துப் பெரியவர் விதையை ஒரு கடைவாயில் போடுவார், தோல் மறு கடைவாய் வழியாக வெளியே வரும், கண் பந்தை விட்டு அகலாது, நடுவில் நடுவரையும் திட்டுவார். எனக்கும் ஒரு கை நிறையக் கொடுத்தார். நான் தோலையும் சேர்த்து மென்றதைப் பார்த்து அவர் பேரன் சிரித்த சிரிப்பு கோலுக்குக்கூட வரவில்லை.

நமங்கானோடு ஆட்டம் என்றால் மட்டும் கதை வேறு. அன்றைக்கு வெளியூர்க் கூட்டம் வந்துவிடும், போலீஸ் இரண்டு மடங்காகும், சோம்சா விற்பவனுக்குப் பண்டிகை.

உள்ளூர்க்காரர்கள் கிளப்பை "ஹல்க் ஜமோஅசி" என்கிறார்கள், மக்கள் அணி. இந்த ஃபோன் ஒவ்வொரு தடவையும் பக்தாகோரை பக்தகோடி என்று திருத்துகிறது. அதுவும் தப்பில்லை.

அக்டோபர் 6

விபத்தைப் பற்றி எழுதாமல் ஓட்டலாம் என்று இருந்தேன். முடியாது போலிருக்கிறது, ஆளாளுக்கு ஒன்று எழுதுகிறீர்கள். "பனியில் சறுக்கியது" என்று ஒருவர். அது 1958, மியூனிக், மான்செஸ்டர் யுனைடெட். "மலையில் மோதியது" என்று இன்னொருவர். அது 1949, சுபெர்கா குன்று, டொரினோ.

பக்தாகோருக்கு நடந்தது நடுவானில், இரண்டு பயணிகள் விமானங்கள் மோதியது. 1979 ஆகஸ்ட் 11. இடம் உக்ரைனின் த்னிப்ரோசெர்ஷின்ஸ்க், இன்றைய காமியான்ஸ்கே நகருக்கு மேலே. இரண்டுமே ஏரோஃப்ளோட்டின் டியூ-134. ஒன்று செல்யாபின்ஸ்கிலிருந்து கிஷினாவ் போய்க்கொண்டிருந்தது. மற்றொன்றில் பக்தாகோர் அணி, மின்ஸ்க் போய் டைனமோ மின்ஸ்கோடு ஆட வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில், சுமார் 8,400 மீட்டரில், குறுக்கும் நெடுக்குமான பாதையில் வந்தன. மேகம் மூடியிருந்தது. கார்கிவ் கட்டுப்பாட்டு அறையில் நெரிசல் நேரம். ஆபத்து தெரிந்ததும் ஒரு விமானத்தை மேலே ஏறச் சொன்னார்கள். இரைச்சலுக்கு நடுவே "சரி" என்பதுபோல ஒரு பதில் வந்தது. அந்தப் பதில் கொடுத்தது வேறொரு விமானம். ஏற வேண்டிய விமானம் ஏறவே இல்லை.

இரண்டு விமானத்திலும் சேர்த்து 178 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களில் பக்தாகோரின் ஆட்கள் 17: வீரர்கள் 14, பயிற்சியாளர் இத்காய் தஸெத்தினோவ், மருத்துவர், நிர்வாகி. தலைமைப் பயிற்சியாளர் ஒலெக் பஸிலேவிச் வேறு ஊரிலிருந்து நேராக மின்ஸ்க் வருவதாக இருந்ததால் அந்த விமானத்தில் இல்லை.

கட்டுப்பாட்டு அறையைச் சேர்ந்த இருவருக்குச் சிறை. சோவியத் வழக்கப்படி செய்தி அடக்கி வாசிக்கப்பட்டது.

அக்டோபர் 6, சற்று கழித்து

178 பேர் என்பதைக் கவனியுங்கள். நாம் 17-ஐப் பற்றியே பேசுகிறோம். மீதி 161 பேருக்கு இப்படி ஒரு விவாத இழை கிடையாது. நானும் இப்போது 17-க்குத்தான் திரும்பப் போகிறேன்.

அக்டோபர் 7

மிகயில் ஆன். நடுகள வீரர், கொரிய வம்சாவளி. 1937-இல் ஸ்டாலின் தூரக் கிழக்கிலிருந்த கொரியர்களை மொத்தமாக ரயிலேற்றி மைய ஆசியாவில் இறக்கிவிட்டார். தாஷ்கண்டைச் சுற்றியிருந்த கூட்டுப்பண்ணைகளில் வளர்ந்த அந்தச் சமூகத்தின் பிள்ளை இவர். தாஷ்கண்ட் சந்தையில் இன்றைக்கும் கேரட்டை மெல்லியதாகச் சீவி மிளகாய், பூண்டு போட்ட கொரிய சாலட் கிடைக்கும். கொரியாவிலேயே கிடைக்காத கொரியச் சாப்பாடு. உஸ்பெக் புலாவோடு அதைச் சாப்பிடும்போதெல்லாம் அந்த ஊரின் மனுஷக் கலவை நினைவுக்கு வரும். பக்தாகோரின் அந்த 14 பெயரைப் படித்தாலும் அதே கலவை: அஷிரோவ், அகிஷேவ், பஸாரோவ், ஆன், ஃபியோதரோவ், கொர்செனோவ், குலிகோவ். உஸ்பெக், தாத்தார், கொரியன், ரஷ்யன்.

ஆன் காயத்தில் இருந்தார், அந்த ஆட்டத்தில் ஆடுவதாகவே இல்லை, தோழர்கள் கூப்பிட்டதற்காகக் கூடப் போனார் என்று அங்கே சொல்வார்கள். துல்யகான் இஸகோவ் காயத்தால் ஊரிலேயே தங்கிவிட்டார். காயம் இரண்டு பேருக்கும்தான்.

விளாதிமிர் ஃபியோதரோவ் முன்வரிசை வீரர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் சோவியத் அணியோடு வெண்கலம் வாங்கியவர். சொல்லப்போனால் அந்த வருடம் பக்தாகோர் இரண்டாம் பிரிவில் கிடந்தது. இரண்டாம் பிரிவு கிளப் ஆளை ஒலிம்பிக்குக்குக் கூட்டிப் போனார்கள் என்றால் பையன் எப்படி ஆடியிருக்க வேண்டும்.

அக்டோபர் 9

"அனுதாபத்தில்தான் லீக்கில் வைத்திருந்தார்கள்" என்று எழுதியவருக்கு.

சலுகை கொடுத்தது உண்மை. மற்ற கிளப்புகளிலிருந்து வீரர்களை அனுப்பினார்கள். எந்த இடத்தில் முடித்தாலும் மூன்று சீசனுக்குக் கீழே இறக்க மாட்டோம் என்றார்கள். நியாயமான ஏற்பாடு. 1979 சீசனையே 9-ஆம் இடத்தில் முடித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1982-ஐப் பாருங்கள். சலுகை இருந்த கடைசி வருடம். 6-ஆம் இடம், கிளப்பின் சோவியத் சரித்திரத்திலேயே சிறந்த இடத்துக்குச் சமம். அந்த வருடம் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் பக்தாகோரின் ஆந்த்ரே யாகுபிக், 23 கோல். மாஸ்கோ டைனமோவில் வருடக்கணக்காக ஆடிவிட்டு, முப்பதைத் தாண்டிய வயதில் தாஷ்கண்டுக்கு வந்தவர். ஸ்ட்ரைக்கர்கூட இல்லை. அந்த வருடம் சாம்பியன் யார் தெரியுமா? டைனமோ மின்ஸ்க்.

அக்டோபர் 9, இரவு

யாகுபிக் பற்றி இன்னொன்று. நல்ல மிட்ஃபீல்டர் வயதாக ஆக முன்னால் போவான், ஓடுவது குறையும், நிற்கிற இடம் சரியாக இருக்கும். பந்து தானாக வந்து காலில் விழும். என் அலுவலக அணியில் இப்படி ஒருவர் இருந்தார், மொத்த ஆட்டத்தில் நானூறு மீட்டர் ஓடியிருக்க மாட்டார், கோல் மட்டும் அவர் பெயரில் இருக்கும். எரிச்சலாக வரும். எதிரணியில் இருந்தால் இன்னும் எரிச்சல்.

அக்டோபர் 12

புழுதி கிளப்புகிற விஷயம் ஒன்று. ஷராஃப் ரஷீதோவ் உஸ்பெகிஸ்தான் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையில் இருந்தது 1959 முதல் 1983 வரை. பக்தாகோர் மேல் லீக்குக்கு வந்தது 1960. கடைசியாக நெடுங்காலத்துக்குக் கீழே விழுந்தது 1984. இரண்டு காலக்கோடுகளையும் பக்கத்தில் வையுங்கள்.

ரஷீதோவ் கால்பந்துப் பிரியர், கிளப்பின் காவல் தெய்வம் அவர்தான் என்று தாஷ்கண்டில் வயதானவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அவர் 1983 அக்டோபரில் இறந்தார். அதே சமயம் பருத்தி ஊழல் விசாரணை சூடுபிடித்தது: விளையாத பருத்தியை விளைந்ததாகக் கணக்கெழுதி மாஸ்கோவிடம் காசு வாங்கிய விவகாரம். குடியரசின் மேல்மட்டமே சிறைக்குப் போனது. பருத்தியின் பெயரை வைத்துக்கொண்ட கிளப் அடுத்த வருடம் இறங்கியது, ஏற ஏழு வருடம் ஆனது. 1991-இல் வந்து சேர்ந்தபோது நாடே கலைகிற நேரம்.

அக்டோபர் 13

நேற்று எழுதியதை இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். இரண்டு கோடும் ரொம்ப அழகாகப் பொருந்துகின்றன, அதுவே சந்தேகத்துக்கு இடம். ரஷீதோவ் நாற்காலியில் திடமாக உட்கார்ந்திருந்தபோதே அணி மூன்று தடவை இறங்கியிருக்கிறது: 1963, 1971, 1975. காவல் தெய்வத்துக்கு ஏன் கைவரவில்லை? 1984-க்குச் சாதாரணக் காரணம் ஒன்று போதும். மற்ற கிளப்புகள் அனுப்பிய வீரர்கள் வயதாகிப் போய்விட்டார்கள். 1979-இல் போன 14 பேரில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள், எண்பதுகளின் நடுவில் அணியின் முதுகெலும்பாக இருந்திருக்க வேண்டியவர்கள். அந்தத் தலைமுறை இல்லாத பள்ளம் தெரிய நாலைந்து வருடம் பிடிக்கும், 1984-இல் தெரிந்தது.

இரண்டும் சேர்ந்துதான் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். எடை போட்டால் இரண்டாவது பக்கம்தான் தட்டு தாழும்.

அக்டோபர் 16

ஆசியா. இந்த இடத்தில்தான் பக்தாகோர் ரசிகர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

ஆசிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு இரண்டு தடவை போயிருக்கிறது. 2003-இல் தாய்லாந்தின் பிஇசி டெரோவிடம் அங்கே 1-3, இங்கே 1-0. மொத்தத்தில் ஒரு கோல் வித்தியாசம். 2004-இல் கொரியாவின் சியோங்நாமிடம் இரண்டு ஆட்டமும் சேர்த்து 0-2. இறுதிப்போட்டி பார்த்ததே இல்லை. 2009, 2020 இரண்டிலும் காலிறுதியோடு திரும்பியது. அதற்கு மேல் குழுச் சுற்றிலேயே வெளியேறிய வருடங்கள் எக்கச்சக்கம். இவ்வளவு விடாமல் கலந்துகொண்டு இவ்வளவு குறைவாக எடுத்துவந்த கிளப் ஆசியாவில் அதிகம் இருக்காது.

ஆசியக் கோப்பை ஒன்றை உஸ்பெகிஸ்தானுக்குக் கொண்டுவந்தது சின்ன ஊர் அணிதான்: கார்ஷியின் நசாஃப், 2011 ஏஎஃப்சி கோப்பை, குவைத் அணியை 2-1 என்று தோற்கடித்து. அதே நசாஃப்தான் 2024-இல் முதல் முறையாக லீக் ஜெயித்து பக்தாகோரின் ஐந்து வருட ஓட்டத்தை முடித்தது. 2021-இல் ஏடிகே மோகன் பகானை 6-0 என்று துவைத்ததும் இவர்கள்தான், நம் ஆட்களுக்கு அந்த ராத்திரி நன்றாக நினைவிருக்கும்.

அக்டோபர் 16, பின்னிணைப்பு

ஒரு ஆட்டத்தை மட்டும் இவர்கள் பக்கம் எழுதிவிடுகிறேன். இந்த வருடம் மார்ச், ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலைட், கடைசி 16. தாஷ்கண்டில் பக்தாகோர் 1, சவுதியின் அல்-ஹிலால் 0. சம்பளப் பட்டியலைப் பார்த்தால் பக்தாகோரின் மொத்த அணிக்கும் சேர்த்து அங்கே ஒரு ஆளின் வார வருமானம்தான் வரும் என்று நண்பர்கள் குழுவில் கேலி ஓடியது. ஒரு வாரம் தலைகால் புரியவில்லை. ரியாத்தில் 0-4. கேலி திசை மாறியது.

அக்டோபர் 18

பயிற்சியாளர்கள் யார் என்று கேட்டிருந்தீர்கள். சமீப ஓட்டத்தைத் தொடங்கியவர் ஜார்ஜியாவின் ஷோத்தா அர்வெலாட்ஸே, அயாக்ஸிலும் ரேஞ்சர்ஸிலும் ஆடிய அதே ஸ்ட்ரைக்கர். அவருக்குப் பிறகு டச்சுக்காரர் பீட்டர் ஹாய்ஸ்ட்ரா. பிறகு மக்சிம் ஷத்ஸ்கிக், டைனமோ கீவில் ஷெவ்சென்கோ போன இடத்தை நிரப்பிய தாஷ்கண்ட் பையன். முன்வரிசையில் செர்பியாவின் டிராகன் செரான், கோல்களை மூட்டை மூட்டையாக அடித்தவர். சிரித்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, அடித்த பிறகும்.

அக்டோபர் 19

இந்தியத் தொடர்பு இருக்கிறதா என்று ஒருவர். கிளப்புக்கு நேராக என்று சொல்ல எனக்குத் தோன்றுவது இல்லை, ஆனால் ஒரு சுற்று வழி உண்டு.

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு. உஸ்பெகிஸ்தான் தனி நாடாக முதல் முறை வந்து நேராகக் கால்பந்துத் தங்கம். அரையிறுதியில் தென்கொரியா ஆட்டம் முழுக்கப் போட்டு மிதித்தது, உஸ்பெக்குகள் பாதிக் கோட்டைத் தாண்டியதே அபூர்வம். அஸமத் அப்துராயிமோவ் தூரத்திலிருந்து ஒன்றை அடித்தார், கோல்கீப்பர் விட்டுவிட்டார், 1-0. இந்த அஸமத் வேறு யாரும் இல்லை, மேலே சொன்ன 1968-இன் பெராதோர் அப்துராயிமோவின் மகன், பக்தாகோரில் ஆடியவர். இறுதியில் சீனாவை 4-2.

அந்த அணியின் பயிற்சியாளர் ருஸ்தம் அக்ராமோவ் மறு வருடமே இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். 1995-இல் பூட்டியாவுக்கு இந்தியச் சட்டையை முதலில் கொடுத்தது அவர் காலத்தில்தான். 1996 பிப்ரவரியில் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 94-ஆம் இடம், இன்று வரை அதுதான் நம் உச்சம். உஸ்பெகிஸ்தான் இந்த ஜூனில் அபுதாபியில் எமிரேட்ஸோடு 0-0 ஆடி 2026 உலகக் கோப்பைக்குள் நுழைந்துவிட்டது. அந்த அணியின் ஃபைசுல்லாயேவ் பக்தாகோரில் வளர்ந்தவர். நாம் அந்த 94-ஐ இன்னும் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறோம்.

அக்டோபர் 22

கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்து, "எல்லாம் சரி, கைராத் இருக்கும் இடத்தில் பக்தாகோர் இல்லையே" என்கிறார். உண்மை. ஆனால் அதில் பாதி நிர்வாக முடிவு. கஜகஸ்தான் 2002-இல் ஆசியாவை விட்டு ஐரோப்பியக் கூட்டமைப்புக்கு மாறியது. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் கஜக் அணிகள் பெரும்பாலும் ஐரோப்பாவின் தகுதிச் சுற்றுகளில் அடி வாங்கிக்கொண்டிருந்தன. உஸ்பெகிஸ்தான் ஆசியாவிலேயே இருந்து தேசிய அணியை வளர்த்தது. ஒருவருக்கு ரியல் மாட்ரிட் வந்தது, ஒருவருக்கு உலகக் கோப்பை வந்தது. எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் உலகக் கோப்பைதான். அல்மாட்டிக்காரனிடம் கேட்டால் எம்பாப்பேயோடு எடுத்த படத்தைக் காட்டுவான்.

செல்டிக்கை இரண்டு ஆட்டமும் 0-0 என்று பிடித்துவைத்து பெனால்டியில் வெளியேற்றியதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. நானும் கைராத்துக்காகத்தான் கத்தினேன். நேற்று சொந்த ஊரில் சைப்ரஸின் பாஃபோஸோடு 0-0. எதிரணிக்கு ஆரம்பத்திலேயே சிவப்பு அட்டை, கிட்டத்தட்ட முழு ஆட்டமும் பத்துப் பேர், அப்படியும் ஒரு கோல் போட முடியவில்லை. அதைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள் நண்பரே, முதல் நாள் அவ்வளவு சத்தமாக வந்தீர்கள்.

அக்டோபர் 22, இரவு

பாமிர் துஷான்பே பற்றி யாருக்காவது விவரம் தெரியுமா? சோவியத் மேல் லீக்கில் 1989 முதல் 1991 வரை மூன்றே சீசன் ஆடிய தஜிக் அணி. 1991-இல் பக்தாகோர், பாமிர் இரண்டும் ஒரே லீக்கில் இருந்தன, தாஷ்கண்டில் அதைப் பற்றிக் கேட்டால் யாருமே சரியாகப் பதில் சொன்னதில்லை, உடனே 1979-க்கோ 1982-க்கோ போய்விடுவார்கள். புது இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம், பக்கம் ஏற்கெனவே நீண்டுவிட்டது.